இரண்டாவது ஓட்டை

பால் பொங்கி வருவதற்குள் ஒரு முடிவுக்கு வந்துவிட வேண்டும் என்று வடிவு நினைத்தாள், நினைத்த கையோடு அடுப்பைச் சிம்மில் வைத்தாள். சிம்மில் வைத்தால் பத்து நிமிஷமாவது ஆகும். பத்து நிமிஷம் போதுமா என்றால் போதாது, காலையிலிருந்து யோசித்தும் முடியவில்லையே. முன்னறையில், விமானம் விழுந்ததை விசாரிக்க டெல்லியிலிருந்து வந்த அதிகாரி உட்கார்ந்திருக்கிறார். பெயர் ஜெரோமாம். டெல்லி என்றதும் இந்தி பேசுகிற ஆளாக இருக்கும், அவர் கேட்பது ஒன்றும் தனக்குப் புரியாது, அதுவும் நல்லதுக்குத்தான் என்று நேற்றெல்லாம் தைரியமாக இருந்தாள். வந்தவரோ வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு, “காலைக் கழுவிட்டு வரட்டுமாம்மா, ஒரே செம்மண்ணா இருக்கு” என்று நம்ம வீட்டு ஆள் மாதிரி கேட்டார். அப்போதே அந்தத் தைரியம் போய்விட்டது. அதட்டுகிற ஆளிடம் பொய் சொல்லிவிடலாம். காலைக் கழுவிவிட்டு வருகிற ஆளிடம் எப்படிச் சொல்வது? மகன் ஆவுடையப்பன் அவருக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறான். நடுவில் ஸ்டூல், ஸ்டூல்மேல் கைபோன் மாதிரி ஒரு பெட்டி, அதில் சிவப்பாக ஒரு புள்ளி எரிகிறது. பேசுவதையெல்லாம் அது பிடித்து வைத்துக்கொள்ளுமாம். விமானக் கிளப் ஆபீஸில் வைத்துக் கேட்டால் ஆளாளுக்கு எட்டிப் பார்ப்பார்கள் என்று குவார்ட்டர்ஸுக்கே வந்துவிட்டார் மனுஷன். ஜன்னல் வழியாகப் பார்த்தால் ரன்வே தெரியும். எட்டு நாளாக அதில் ஒரு விமானமும் ஏறவில்லை, இறங்கவில்லை. ஆடு மேய்கிறது. இந்த வீட்டுக்கு வந்த புதிதில் அந்த இரைச்சல் காதைப் பிய்க்கிறதே என்று அம்மனிடம் முறையிட்டவள் அவள். இப்போது ஒரு சத்தமும் இல்லாமல் கிடக்கிற அந்த வெளியைப் பார்த்தால், யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு தன்னையே பார்த்துக்கொண்டிருப்பது மாதிரி இருக்கிறது. பார்க்காதே. ஜன்னலையும் பார்க்காதே, மேலே பரணில் இருக்கிற முறுக்குச் சம்படத்தையும் பார்க்காதே. பாலைப் பார். பாலுக்கு ஒன்றும் தெரியாது.

டிகாஷன் இறங்கிவிட்டதா என்று ஃபில்டரைத் தூக்கிப் பார்த்தாள். சொட்டு விழவில்லை. மேல்மூடியை இறுக்கி வைத்திருக்கிறாள், கை அப்படித்தான் போகிறது இன்றைக்கு, எதையும் இறுக்கி மூடச் சொல்கிறது. மூடியைச் சற்றுத் தளர்த்தினதும் கீழே ஒரு சொட்டு விழுந்தது, அப்புறம் இன்னொன்று. அவள் கையை உதறினாள், சுட்டுவிட்டாற்போல. முன்னறையில் அதிகாரியின் குரல் கேட்டது. “டாங்க்ல முக்கால்வாசி பெட்ரோல் அப்படியே இருக்கு மிஸ்டர் ஆவுடையப்பன். என்ஜினுக்கு வர்ற குழாயில சொட்டு இல்லை. வானத்துல என்ஜின் நின்னுபோனதுக்கு அதுதான் காரணம், அதுல சந்தேகம் இல்லை. நடுவுல எது தடுத்ததுங்கிறதுதான் கேள்வி.” ஆவுடை ஏதோ முணுமுணுத்தான். “ரெண்டே வழிதான். ஒண்ணு, ஓட்டின பொண்ணு பெட்ரோல் வால்வைத் தெரியாம மூடியிருக்கணும். இல்லைன்னா டாங்குக்குள்ள காத்து போகாம இருந்திருக்கணும். எண்ணெய் டின் பாத்திருப்பீங்களே, ஒரே ஓட்டை போட்டா ரெண்டு மடக்கு வரும், அப்புறம் நின்னுரும். இன்னொரு ஓட்டை வேணும். அந்த மாதிரி.” எண்ணெய் டின். வடிவு அடுப்பு மேடையின் ஓரத்தைப் பார்த்தாள். நல்லெண்ணெய் டின் அங்கேதான் இருக்கிறது, மூலைக்கொன்றாக இரண்டு ஓட்டை, அவள் ஆணியால் குத்தினது. கல்யாணமாகி வந்த முதல் மாசம் மாமியார் சொல்லிக் கொடுத்தது, ஒன்று எண்ணெய்க்கு, ஒன்று காற்றுக்கு. நாற்பது வருஷமாக எத்தனை டின் குத்தியிருப்பாள்! கல்யாணமாகிப் போன மகள் உலகம்மைக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். எட்டாவதோடு நின்ற படிப்பு, இருந்தாலும் காற்று போகாவிட்டால் எண்ணெய் வராது என்பது இந்தக் கைக்குத் தெரியும். தெரிந்த கைதான். இந்தக் கையேதான். தாயே, கோமதியம்மா, என்னை ஏன் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தாய்?

ஆயுத பூஜையன்று காலையில் அவள் எவ்வளவு சந்தோஷமாக இருந்தாள்! விமானம் நிற்கிற கொட்டகையில் சுத்தியலும் திருப்புளியும் அளவுக்கருவிகளும் வரிசையாகத் துணி விரித்து வைத்திருந்தார்கள், அவளுடைய மகன் துடைத்து வைத்தவை. அவன் சின்னப் பிள்ளையிலேயே ஒரு திருகாணியைத் தூரப் போடமாட்டான், பாயைச் சுருட்டினால் போல்ட் உருளும். அவன் விமானத்தைப் பழுது பார்க்கிற என்ஜினியர் ஆனபோது, “நீ கீழ நின்னு வேலை பாருய்யா, மேல மட்டும் ஏறிராத” என்று கையில் அடித்துச் சத்தியம் வாங்கினாள். அவன் மேலே ஏறவில்லை, சத்தியத்தைக் காப்பாற்றினான். மேலே ஏறினது வேறொருத்தி பெற்ற பிள்ளை. நிலோஃபர். கடையநல்லூர்ப் பிள்ளை, இருபது வயசு, கிளப்பில் விமானம் ஓட்டப் பழகுகிறது, அன்றைக்கு இவள் ஏறி நின்ற ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றது அதுதான். “ஏம்மா, போன வருசம் நீங்க வச்ச பொட்டெல்லாம் நான் வண்டியைக் கிளப்பினதும் பறந்துபோச்சு, ஆவுடை சார் ஓடி ஓடிப் பொறுக்கினாரு” என்று கேலி பேசியது. “அதுக்குத்தான் இந்த வருசம் வேலம்பிசின் கரைச்சு ஊத்தியிருக்கேன், இப்பப் பறக்கச் சொல்லு பாப்போம்” என்றாள் இவள். எவ்வளவு பெருமை அந்தப் பேச்சில்! விடியற்காலம் எழுந்து கல்லில் இழைத்த சந்தனம், கொஞ்சம் மஞ்சள், அதில் பிசின். காய்ந்தால் நகத்தால் சுரண்ட வராது. மூக்கில் சுழல்கிற காற்றாடிக்கு வைத்தாள், மூன்று சக்கரத்துக்கும் வைத்தாள், கதவுக்கு, கண்ணாடிக்கு, வாலுக்கு வைத்தாள். “எனக்கு இல்லையா, ப்ளேன் மட்டும் அழகா இருந்தாப் போதுமா?” என்று பிள்ளை கழுத்தை நீட்டியது. “ஒங்க அம்மா ஏசமாட்டாளா?” “எங்க ஊர் தர்காவுல சந்தனக்கூடு உண்டும்மா, உம்மாவே பூசி விடும்.” கழுத்தில் பூசினாள். சிலிர்த்துக்கொண்டு சிரித்தது. அந்தக் கழுத்தில் இப்போது பட்டை போட்டிருக்கிறார்கள், அசையாமல் இருக்க. ஐ.சி.யூ. கண்ணாடி வழியாகப் பார்த்தபோது வாயில் ஒரு குழாய், அதன் வழியாகக் காற்று போய்க்கொண்டிருந்தது, மெஷின்தான் ஊதுகிறது, தானாக இழுக்கவில்லை. வாசலில் அதன் உம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள். வடிவின் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு, “ஒங்களைப் பத்தித்தான்மா பேசிக்கிட்டே இருக்கும், நான் ஓதுறேன், நீங்க ஒங்க சாமிகிட்டயும் கேளுங்க” என்றாள். இந்தக் கையை. இதே கையை.

பால் விளிம்பில் நுரை கட்டுகிறது, இன்னும் ஏறவில்லை. சர்க்கரை எங்கே? சர்க்கரை கண்ணெதிரேதான் இருக்கிறது. அன்றைக்கு ஸ்டூலில் நின்றுகொண்டிருந்தபோது அந்தப் பிள்ளைக்குப் போன் வந்தது. “உம்மா கூப்பிடுது, ஆடாம நில்லுங்கம்மா, இந்தா வந்துட்டேன்” என்று நாலு எட்டு தள்ளிப் போய்ப் பேசிக்கொண்டிருந்தது. வடிவு தலைக்கு மேலே இருந்த இறக்கையின் அடிப்பக்கத்தைப் பார்த்தாள். வெள்ளை வெளேரென்று ஒரு பரப்பு, நடுவில் விரல் பருமனுக்கு ஒரு குழாய் கீழே நீட்டிக்கொண்டிருந்தது, சுள்ளாணி மாதிரி, மாட்டுக் காம்பு மாதிரி. பாவம், இதை யாரும் கவனிக்கமாட்டார்களே என்று தோன்றியது. பொங்கலுக்கு மாட்டைக் குளிப்பாட்டினால் மடியையும் தொட்டுக் கும்பிடுகிறோமே, அந்த மாதிரி, அதற்கும் ஒன்று. விரல் நிறைய சந்தனத்தை வழித்து அதன் வாயில் அப்பினாள், அப்பியது உள்ளே கொஞ்சம் போயிற்று, விரல் நுனியும் கூடவே போயிற்று. வாயை மூடினாற்போல வழவழவென்று நிரவிவிட்டு, நடுவில் குங்குமமும் வைத்தாள். நல்லா இரு என்று சொன்னாள், சத்தமாகவே சொன்னாள். குழாய்க்கு. அப்புறம் ஒரு வாரம் லீவும் மழையுமாகப் போயிற்று, வண்டி கொட்டகையிலேயே நின்றது, பிசின் கல்லாக இறுகியது. எட்டாம் நாள் காலையில் வெயில். ஆவுடை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டான். அந்தப் பிள்ளையும் கையில் பட்டியலை வைத்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றியது. ரெண்டு பேரும் அந்தக் குழாயைப் பார்க்கவில்லையா? பார்த்திருப்பார்கள். உடம்பெல்லாம் பொட்டு வைத்திருக்கிற வண்டியில் அதுவும் ஒரு பொட்டு என்று நினைத்திருப்பார்கள். இருபது பொட்டுக்கு நடுவில் ஒன்று எமன் என்று யார் கண்டார்கள்? இருபத்தைந்து நிமிஷம் பறந்திருக்கிறது. இவள் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள், சத்தம் வந்துகொண்டே இருந்தது, அப்புறம் இல்லை. சத்தம் இல்லாமல் போனதை முதலில் கவனிக்கக்கூட இல்லை, அப்பாடா என்று இருந்தது என்றுகூடச் சொல்லலாம், ஒரு சேலையை உதறிக் கொடியில் போட்டுவிட்டுத்தான் நிமிர்ந்து பார்த்தாள். அந்த அப்பாடாவுக்கு எந்த நரகம்?

“இடது இறக்கைக்கு அடியில காத்துக் குழாய் இருக்கும்ல, அந்தத் துண்டு மட்டும் உடைஞ்சு எங்கயோ போயிருக்கு. வாழைத் தோப்பு பூரா ஆள் விட்டு, மண்ணைச் சல்லடையில போட்டுச் சலிச்சாச்சு. மத்ததெல்லாம் கிடைச்சுது, ஒரு ஆணி விடாம. அது மட்டும் கிடைக்கலை” என்றார் ஜெரோம். அவர் குரலில் சந்தேகம் இல்லை, அலுப்புத்தான் இருந்தது. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. வடிவின் கண் அவளைக் கேட்காமலே பரணுக்குப் போய்விட்டது. இன்றைக்கு வெள்ளிக்கிழமை. விளக்குக்குச் சந்தனம் வைக்கலாம் என்று காலையில் கல்லைத் தேடினால் பூஜை அலமாரியில் கல் இல்லை. கட்டையும் இல்லை. வீட்டில் ரெண்டே பேர், எடுத்தவன் யார் என்று தேடவே வேண்டாம். தீபாவளிக்கு நாலு நாள்தான் இருக்கிறது, “அந்தப் பிள்ளை கண்ணு முழிக்காம இந்த வீட்டுல எண்ணெய்ச் சட்டி ஏறாது” என்று அவள் போன வாரமே சொல்லியிருந்தாள். அதனால் முறுக்குச் சம்படத்தை யாரும் திறக்கமாட்டார்கள் என்று கணக்குப் போட்டிருக்கிறான், பாவி மகன். எல்லா இடமும் தேடிவிட்டு, கடைசியில் ஸ்டூலைப் போட்டு ஏறி அதைத் திறந்தாள். முறுக்கு உரலுக்கு அடியில் சந்தனக்கல். அதற்கு அடியில் அவன் கை துடைக்கிற துணியில் சுற்றி, சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு குழாய்த்துண்டு. ஒரு முனை பிய்ந்திருந்தது. மறுமுனையில் மஞ்சளாக, வழவழப்பாக, நடுவில் குங்குமம் மங்கின சந்தனம். ஓரத்தில் அவள் விரல் ரேகை, மாவில் பதிந்த மாதிரி, கோடு கோடாக. காற்றில் அடிபட்டிருக்கிறது, மண்ணில் விழுந்திருக்கிறது, உதிரவில்லை. பிசின் நல்ல பிசின். அப்போதிருந்து அவளுக்கு ஒன்றுதான் ஓடிக்கொண்டிருக்கிறது, சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து இடிக்கிறது. அவன் எப்போது எடுத்தான்? விழுந்த இடத்துக்கு ஜீப்பில் முதலில் போனவன் அவன்தான். பிள்ளையை வெளியே தூக்கிக் கிடத்தினவனும் அவன்தான் என்று தோட்டக்காரர்கள் சொல்லிச் சொல்லி மாய்கிறார்கள். குழாயைப் பொறுக்கியது தூக்கினதற்குப் பிறகா, முன்னாலா? அந்தப் பிள்ளை சீட் வாரில் தொங்கிக்கொண்டு மூச்சுக்குத் தவிக்கும்போது இவன் இறக்கைக்கு அடியில் குனிந்து அம்மாவின் விரலைத் தேடிக்கொண்டிருந்தானா? அம்மாவுக்காகவா, தன் கையெழுத்துக்காகவா? கேட்டுவிடலாம், பக்கத்து அறைதான். கேட்டால் பதில் வந்துவிடும். அதுதான் கேட்கவில்லை. கிணற்றில் போட்டிருக்கலாமே முட்டாள், ஊரெல்லாம் கிணறு. ஒரு திருகாணியைத் தூரப் போடமாட்டாத பிள்ளை.

பால் ஒரு பக்கம் உப்பிக்கொண்டு வந்தது. அப்போது ஜெரோம் கேட்டார், சாதாரணமாக, சாப்பிட்டீங்களா என்று கேட்கிற மாதிரி. “நீங்கதான் முதல்ல போனீங்க. நாங்க வந்து பாக்கும்போது பெட்ரோல் வால்வு மூடியிருந்தது. நீங்க போனப்ப எப்படி இருந்தது? யோசிச்சுச் சொல்லுங்க. இது அந்தப் பொண்ணு விஷயம்.” மின்விசிறி கட கட என்று சுற்றியது. வடிவு கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். சொல்லுய்யா, நான்தான் மூடினேன்னு சொல்லிரு. விழுந்த அன்றைக்கு ராத்திரி அவளிடம் சொன்னானே, தீப்பிடிச்சிருமோன்னு பயந்து முதல்ல வால்வைத் திருகினேம்மா என்று. சட்டையெல்லாம் ரத்தமும் வாழைக்கறையுமாக உட்கார்ந்து சொன்னானே. “நான் போனப்பவே மூடித்தான் சார் இருந்துச்சு” என்றான் ஆவுடை. கடைசி வார்த்தையை விழுங்கிவிட்டான். ஆறு வயசில், பெருமாள் கோயில் உண்டியலில் ஈர்க்குச்சியை விட்டவன் நீதானா என்று அப்பா கேட்டபோதும் இப்படித்தான் கடைசி வார்த்தை விழுங்கினான். அப்போது அவள்தான் குறுக்கே விழுந்து, நான்தான் அனுப்பினேன் என்று என்னவோ உளறி அடியைத் தடுத்தாள். காப்பாற்றிவிட்டதாகச் சந்தோஷப்பட்டாள். ஜெரோம் பெருமூச்சு விட்டார். “அப்ப அவ தப்புன்னுதான் எழுதணும். கிளப்லயும் அதையேதான் சொல்றாங்க. பொழைச்சு வந்தாலும் இனி பறக்க விடமாட்டாங்க. சரி.” அந்தச் ‘சரி’யில் ஒரு புத்தகத்தை மூடுகிற சத்தம் இருந்தது. பிள்ளை வாயில் குழாயோடு கிடக்கிறது, அதுக்கு வாய் இல்லை. கண் விழித்தால் முதலில் அதன் காதில் போடுவது இதாகத்தான் இருக்கும். நீதான் மூடினாய். அதுவும் நம்பிவிடும், அந்த வயசு அப்படி, யார் சொன்னாலும் நம்பும், நான் எப்ப மூடினேன் என்று ஆயுசு பூராவும் கையைப் பார்த்துக்கொண்டே இருக்கும். இவளை மாதிரி. அதன் உம்மாவும் நம்புவாள். இவள் கையைப் பிடித்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழுவாள், என் பிள்ளையே செய்துகொண்டதும்மா என்று. அதை எப்படித் தாங்குவது? தாங்கிக்கொண்டால் மகன் இருப்பான். வேலை இருக்கும். சாயங்காலம் சைக்கிளைச் சாத்திவிட்டு எம்மா பசிக்கி என்று வருவான். சொன்னால் ஜெயிலா? லைசென்ஸ் போகுமா? ஒளித்து வைத்ததற்கு என்ன தண்டனை என்று அவளுக்குத் தெரியாது, யாரிடமும் கேட்கவும் முடியவில்லை. தாயே, ஒரு வார்த்தை சொல்லு. பூ விழுகிறதா என்று அம்மன் படத்தைப் பார்த்தாள். பூ விழவில்லை. மல்லிகை நேற்றையது, வாடி அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்தது.

கேஸை மூடினாள். ஸ்டூலைப் போட்டாள், பிடித்துக்கொள்ள ஆள் இல்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். இறங்கும்போது முழங்கால் வலித்தது, வலிக்கட்டும். மிச்சப் பாலில் ரெண்டு டம்ளர் காப்பி கலந்தாள், சர்க்கரை சரியாகப் போட்டாள், ஆற்றினாள், நுரை வந்தது. தட்டில் ரெண்டு டவரா டம்ளர். நடுவில் அது. துணியைப் பிரித்துவிட்டு வெறுமையாக வைத்தாள். முன்னறை வாசல் வரைக்கும் ஏழு எட்டு வைக்க வேண்டும், அவ்வளவுதான் அந்த வீடு. டம்ளர் டவராவில் மோதிச் சத்தம் போட்டது. ஆவுடைதான் முதலில் பார்த்தான். “எம்மா” என்றான். அதட்டலில்லை, விழப்போகிறவன் கூப்பிடுகிற மாதிரி. ஜெரோம் பேனாவைச் சட்டையில் செருகிக்கொண்டிருந்தவர், காப்பிக்குக் கையை நீட்டி, நீட்டின கையை அப்படியே நிறுத்தினார். சந்தன வாசனை அவருக்கும் எட்டியிருக்கும், இத்தனை நாளுக்கு அப்புறமும் அது மணந்தது. கைக்குட்டையை எடுத்து, அதால் குழாயைப் பிடித்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது எங்க இருந்துச்சும்மா?” என்றார், மெதுவாக. வடிவு பெரிய மனுஷர் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்தவளில்லை. இன்றைக்கு உட்கார்ந்தாள். வலது கைச் சுட்டுவிரலை நிமிர்த்தி ஸ்டூல்மேல் வைத்தாள், சிவப்புப் புள்ளி எரிகிற பெட்டிக்குப் பக்கத்தில். “இதை வச்சுப் பாத்துக்கிடுங்க ஐயா, பொருந்தும். ஆயுத பூசைக்குப் பொட்டு வச்சேன். அந்தப் பிள்ளை ஒண்ணையும் மூடலை. மூடினது நான்.” அவள் மகன் பக்கம் திரும்பினாள். காலையிலிருந்து கேட்காமல் வைத்திருந்தது வாய்வரைக்கும் வந்துவிட்டது, இனி நெஞ்சுக்குள் திருப்பி அனுப்ப இடமில்லை. “நீ சொல்லுய்யா. வால்வை எப்ப மூடுன? இதை எப்ப எடுத்த? முன்னாலயா, பின்னாலயா?” ஆவுடை தரையைப் பார்த்தான், அந்தக் குழாயைப் பார்த்தான், கடைசியில் அவள் விரலைப் பார்த்தான். வாய் கோணியது. “வால்வை முதல்ல மூடினேன். அப்புறம் பிள்ளையத் தூக்குனேன், ஜீப்ல ஏத்தி அனுப்பிட்டேன். அதுக்கப்புறந்தாம்மா...” என்றான். “அதுக்கப்புறந்தான் பாத்தேன். பாத்ததும் தெரிஞ்சுபோச்சு, ஒன் விரல்னு.” இந்தத் தடவை கடைசி வார்த்தையை அவன் விழுங்கவில்லை. வடிவுக்கு மூச்சு வந்தது, எங்கேயோ அடைத்துக்கொண்டிருந்த மூச்சு, வந்த வேகத்தில் நெஞ்சு வலித்தது. நடக்கப்போவது எல்லாம் இனிமேல்தான் என்று அவளுக்குத் தெரியும். காப்பி ரெண்டிலும் ஆடை படிந்துகொண்டிருந்தது, யாரும் எடுக்கவில்லை. “ஐயா, அந்தப் பிள்ளை பேரை அடிச்சிருங்க. இப்ப எழுதிக்கிடுங்க” என்றாள். ஜெரோம் சட்டைப் பையிலிருந்து பேனாவை மறுபடி எடுத்து, மூடியைக் கழற்றினார்.